ஃப்ரேம்வொர்க்கில் ஸ்டைல் செலக்டர் ஆதரவைச் சேர்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு வலை ஃப்ரேம்வொர்க்கை எழுதி வருபவர்களுக்கும், பிறர் எழுதியதைப் பராமரிப்பவர்களுக்கும் ஆன பக்கம் இது. சிஎஸ்எஸ் செலக்டர்களை (பக்கத்தின் எந்தப் பகுதிகளுக்கு ஒரு ஸ்டைல் பொருந்தும் என்று சுட்டும் குறிப்புகளை) புரிந்துகொள்ளும் திறனை ஃப்ரேம்வொர்க்கில் சேர்க்க முனையும்போது எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இந்த வேலையை இருமுறை செய்திருக்கிறேன். முதல் முறை எழுதியதில் பெரும்பகுதியைத் தூக்கி எறிய நேர்ந்தது. பதில்களில் தென்படும் கண்டிப்புக்கு அதுவே காரணம்.

எடுத்துக்காட்டுகளில் கிளாஸ் பெயர்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். சிஎஸ்எஸ் இலக்கணப்படி அவை அப்படியே செல்லுபடியாகும் பெயர்கள்தாம். ஹேஸ், நாட், ஸ்கோப் போன்ற, மொழிக்கே உரிய சொற்களை மட்டும் ஒலிப்படி தந்திருக்கிறேன். நிரலில் அவற்றை வழக்கமான வடிவத்தில்தான் எழுத வேண்டும்.

‘செலக்டர் ஆதரவு’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே பெயரில் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது தேடுதல்: ஒரு மரத்தையும் (பக்கத்தின் எலிமென்ட்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கட்டமைப்பு) ஒரு செலக்டரையும் கொடுத்தால், பொருந்தும் எலிமென்ட்களைத் திருப்பித் தருவது. சோதனைகளில் பொத்தானைக் கண்டுபிடிப்பதற்கும், சர்வரில் உருவான பக்கத்தைப் பயனருக்கு அனுப்பும் முன் திருத்துவதற்கும் இது வேண்டும். இரண்டாவது எல்லையிடுதல்: ஒரு காம்பொனென்ட்டுக்காக எழுதிய ஸ்டைல் வேறொன்றின் மேல் கசியாதபடி, செலக்டரையே மாற்றி எழுதுவது. மூன்றாவது தீர்ப்பு வழங்குதல்: ஒரே எலிமென்ட்டுக்குப் பல விதிகள் பொருந்தும்போது எது வெல்லும் என்று கணக்கிடுவது. மின்னஞ்சலுக்காக ஸ்டைல்களை ஒவ்வொரு எலிமென்ட்டின் ஸ்டைல் ஆட்ரிபியூட்டுக்குள்ளேயே இறக்கும் கருவிகளுக்கு இது இல்லாமல் முடியாது.

தேடுவதற்கு, செலக்டரின் எழுத்தைப் படித்துப் பகுக்கும் பார்சரும் பொருத்தும் பகுதியும் போதும். எல்லையிடுவதற்குப் பார்சரும், மாற்றிய செலக்டரை மீண்டும் எழுத்தாக்கும் பகுதியும் வேண்டும், மரமே தேவையில்லை. தீர்ப்புக்கு எல்லாமே வேண்டும். உங்களுக்கு எது தேவை என்பதை முதலில் முடிவு செய்யாமல் தொடங்கினால், மூன்றையும் அரைகுறையாகச் செய்யும் ஒரு பொதியே கையில் மிஞ்சும். என் முதல் முயற்சி அப்படித்தான் முடிந்தது.

உலாவிக்குள்ளேயே செலக்டர் எஞ்சின் இருக்கும்போது நாம் ஏன் எழுத வேண்டும்?

உலாவியில் ஓடும் நிரலுக்காக எழுத வேண்டியதில்லை. 2006-இல் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. செலக்டரைக் கொடுத்து எலிமென்ட்டைப் பெறும் வசதி உலாவிகளில் இல்லாததால், அது தன் எஞ்சினைத் தானே சுமந்து வந்தது. 2009-இல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-இலேயே அந்த வசதி ‘க்வெரிசெலக்டர்’ என்ற பெயரில் இருந்தது. 2013-இல் அது உலக வலைச் சேர்த்தியத்தின் முறையான பரிந்துரையும் ஆயிற்று. இன்று உலாவியில் சொந்த எஞ்சினை ஏற்றுவது, பயனரின் தரவுக்கட்டணத்தில் நாம் செய்யும் வீண்செலவு.

ஆனால் உலாவி பக்கத்துக்காக வைத்திருக்கும் மரமான டாம், சர்வரில் கிடையாது. டெம்ப்ளேட்டிலிருந்து உருவாகும் மரம் ஃப்ரேம்வொர்க்கின் சொந்தத் தரவமைப்பாகவே இருக்கும். பில்ட் நேரத்திலோ மரம்கூட இருக்காது, எழுத்து மட்டுமே இருக்கும். நாம் எழுத வேண்டிய இடங்கள் இந்த இரண்டுதான்.

ஏற்கெனவே இருக்கும் நூலகத்தை எடுத்துக்கொள்ளக் கூடாதா?

எடுத்துக்கொள்ளலாம், முடிந்தால் அதையே செய்யுங்கள். ரூபியில் நோகோகிரி, ஜாவாவில் ஜேசூப், கோ மொழியில் கேஸ்கேடியா, பைத்தானில் பியூட்டிஃபுல் சூப் பயன்படுத்தும் சூப்சீவ் என, பெரும்பாலான மொழிகளில் நன்கு புழங்கிய நூலகங்கள் உள்ளன. ரஸ்ட் மொழியில் ‘செலக்டர்ஸ்’ என்ற பொதி உண்டு. ஃபயர்ஃபாக்ஸின் ஸ்டைல் எஞ்சினே அதைத்தான் பயன்படுத்துகிறது.

சேர்ப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். இவற்றுள் சில, செலக்டரை நேரடியாகப் பொருத்துகின்றன. நோகோகிரியும் பைத்தானின் சிஎஸ்எஸ்செலக்ட்டும் செலக்டரை எக்ஸ்பாத் என்ற வேறொரு தேடல் மொழியின் வாக்கியமாக மொழிபெயர்த்து, அந்த எஞ்சினிடம் வேலையை ஒப்படைக்கின்றன. மொழிபெயர்ப்பில் எல்லாம் எளிதாகச் சென்று சேர்வதில்லை. எலிமென்ட் பெயரைச் சொல்லாமல் ‘:என்த்-ஆஃப்-டைப்’ எழுதினால், சிஎஸ்எஸ்செலக்ட் அது செயல்படுத்தப்படவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நிற்பது நல்ல பண்பு. தவறான விடையைத் தருவதைவிட எவ்வளவோ மேல்.

நூலகம் உங்கள் மரத்தின் வடிவத்தை ஏற்காமல், தன் மரத்துக்கு மாற்றித் தரச் சொன்னால் மட்டும் யோசியுங்கள். ஒவ்வொரு தேடலுக்கும் மரத்தை நகலெடுக்கும் செலவு, நீங்கள் மிச்சப்படுத்திய உழைப்பை விழுங்கிவிடக்கூடும்.

எந்தெந்தச் செலக்டர்களை ஆதரிக்க வேண்டும்?

எத்தனை என்பதைவிட, ஆதரிக்காதவற்றை என்ன செய்கிறீர்கள் என்பதே முக்கியம். டேக், கிளாஸ், ஐடி, ஆட்ரிபியூட், நான்கு இணைப்புக்குறிகள் (இடைவெளி, ‘>’, ‘+’, ‘~’), காற்புள்ளியால் பிரித்த பட்டியல், ‘:நாட்’, ‘:இஸ்’, ‘:என்த்-சைல்ட்’ ஆகிய அளவே நடைமுறைத் தேவையின் மிகப் பெரும்பகுதியை நிறைவு செய்யும். இவற்றில் ‘:இஸ்’ நீங்கலாக மற்றவை 2011-இல் பரிந்துரையான செலக்டர்ஸ் மூன்றாம் நிலையிலேயே ஏதோ ஒரு வடிவில் உள்ளன. ‘:இஸ்’, ‘:வேர்’, ‘:ஹேஸ்’, ‘:நாட்’டுக்குள் பட்டியல் எழுதும் வசதி ஆகியவை நான்காம் நிலையைச் சேர்ந்தவை.

இந்த அளவுக்கு வெளியே வரும் எதையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். தெரியாத பகுதியைக் கண்டும் காணாமல் தாண்டிச் செல்லும் எஞ்சின், ‘.வரி:ஏதோஒன்று’ என்பதை ‘.வரி’ என்று படித்து நூறு எலிமென்ட்களைத் திருப்பித் தரும். அவற்றை நீக்கும் கட்டளை அடுத்த வரியிலேயே இருக்கும். சிறிய மொழியை முழுமையாகப் பேசும் ஃப்ரேம்வொர்க்கை நம்பலாம். பெரிய மொழியைப் பேசுவதாகப் பாவனை செய்வதை நம்ப முடியாது.

ரெகுலர் எக்ஸ்பிரஷனை வைத்தே பார்சரை முடித்துவிடலாமா?

நான் அப்படித்தான் தொடங்கினேன். காற்புள்ளியில் வெட்டு, இடைவெளியில் வெட்டு, ஒவ்வொரு துண்டையும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனால் பிரி. நாற்பது வரிகளில் வேலை முடிந்தது. சில வாரங்களில் ஒருவர் ‘[தலைப்பு="சேர், நீக்கு"]’ என்று எழுதினார். மேற்கோளுக்குள் இருந்த காற்புள்ளியில் என் நிரல் அதை இரண்டாக வெட்டியது. முதல் துண்டில் மூடாத அடைப்பும், இரண்டாம் துண்டில் ‘நீக்கு’ என்ற பெயருடைய எலிமென்ட்டைத் தேடும் கேள்வியும் மிஞ்சின. அப்படி எந்த எலிமென்ட்டும் இல்லாததால் விடை வெறுமை. பிழைச் செய்தியும் இல்லை. பொத்தான் திரையில் இருக்கிறது, சோதனை மட்டும் இல்லை என்கிறது. அரைநாள் அதில் கரைந்தது.

சிஎஸ்எஸ்-இன் டோக்கன் விதிகளைப் பின்பற்றி எழுத்தைச் சிறு அலகுகளாகப் பிரிக்கும் சிறிய டோக்கனைசரை எழுதி, அதன் மேல் பார்சரைக் கட்டுங்கள். இருநூறு முந்நூறு வரிகளுக்குள் அடங்கிவிடும். மூன்று இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும்.

இடைவெளி என்பது சில இடங்களில் வெறும் இடைவெளி, சில இடங்களில் இணைப்புக்குறி. ‘.அ > .ஆ’ என்பதில் ‘>’-இன் இருபுறமும் உள்ளவை பொருளற்றவை, ‘.அ .ஆ’ என்பதில் அதே இடைவெளி ‘உள்ளே எங்காவது’ என்று பொருள்படும். ‘.அ :நாட்(.ஆ)’ என்பதும் ‘.அ:நாட்(.ஆ)’ என்பதும் ஓர் இடைவெளி வேறுபாட்டில் முற்றிலும் வேறான இரண்டு கேள்விகள்.

அடுத்தது தப்பிக்கும் குறி. ஹெச்டிஎம்எல்-இல் ஓர் ஐடி ‘12’ என்று இருக்கலாம். ஆனால் ‘#12’ செல்லுபடியாகாத செலக்டர், ஏனெனில் சிஎஸ்எஸ்-இல் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. அதைப் பின்சாய்கோட்டுடன் ‘#\31 2’ என்று எழுத வேண்டும். 31 என்பது ‘1’ என்ற எழுத்தின் பதினாறடிமானக் குறியீடு, அதன் பின்னுள்ள இடைவெளி குறியீடு முடிந்ததைக் காட்டுகிறது. இதைப் பயனரின் தலையில் கட்டாமல், பெயரைக் கொடுத்தால் தப்பிக்கும் குறிகளைச் சேர்த்துத் தரும் ஒரு செயல்கூற்றை ஃப்ரேம்வொர்க்கே வழங்கட்டும்.

மூன்றாவது ‘:என்த்-சைல்ட்’டுக்குள் வரும் சூத்திரம். ‘2என்-1’ என்பதை மனிதர்கள் பெருக்கலும் கழித்தலுமாகப் படிக்கிறோம். டோக்கனைசரோ ‘2’ என்ற எண்ணையும் ‘என்-1’ என்ற அலகையும் கொண்ட ஒரே அளவாகப் படிக்கும், ‘10 பிக்சல்’ என்பதைப் படிப்பதைப் போலவே. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே சிஎஸ்எஸ் தொடரியல் வரையறையில் தனிப் பகுதி இருக்கிறது. அதை அப்படியே பின்பற்றுங்கள். சொந்தமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

பொருத்தும்போது வலமிருந்து இடமாகப் போக வேண்டும் என்கிறார்களே, ஏன்?

பெரும்பாலும் நமக்கு முன் இருக்கும் கேள்வி, ‘இந்த எலிமென்ட் இந்தச் செலக்டருக்குப் பொருந்துகிறதா?’ என்பது. செலக்டரின் வலக்கோடித் துண்டுதான் அந்த எலிமென்ட்டைப் பற்றிப் பேசுகிறது. மற்றவை அதன் மூதாதையரையும் உடன்பிறப்புகளையும் பற்றிப் பேசுகின்றன. வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் பெரும்பாலான எலிமென்ட்கள் முதல் சோதனையிலேயே கழிந்துவிடும். மேலே ஏறும்போதும் ஒவ்வோர் எலிமென்ட்டுக்கும் ஒரே பெற்றோர்தான் என்பதால் பாதை கிளைவிடாது. இடப்பக்கத்திலிருந்து இறங்கினால் ஒவ்வொரு படியிலும் எல்லாக் குழந்தைகளையும் நாட வேண்டியிருக்கும்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. முதல்முறை எழுதும் அனைவரும் அதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். செலக்டர் ‘.சட்டம் > .பெட்டி .குறிப்பு’ என்று வைத்துக்கொள்வோம். மரத்தில் சட்டத்துக்குள் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் குறிப்பு இருக்கிறது. குறிப்பிலிருந்து மேலே ஏறினால் முதலில் அகப்படுவது உட்பெட்டி. அதன் நேரடிப் பெற்றோர் சட்டமா என்று பார்த்தால், இல்லை, அது வெளிப்பெட்டி. இந்த இடத்தில் ‘பொருந்தவில்லை’ என்று முடித்துவிடும் நிரல் தவறானது. உட்பெட்டியை விட்டுவிட்டு மேலும் ஏறினால் வெளிப்பெட்டி கிடைக்கும். அதன் பெற்றோர் சட்டம். ஆகவே செலக்டர் பொருந்துகிறது. இடைவெளி இணைப்புக்குறியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும், முதலில் கிடைத்த மூதாதையோடு நிறைவடையாமல், அது பயன்படாவிட்டால் அடுத்ததை முயலப் பின்வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘~’ குறிக்கும் இதே விதிதான்.

பின்வாங்குதலைக் கண்மூடித்தனமாகச் செய்தால் ஆழமான மரங்களில் நேரம் வெடித்துப் பெருகும். இதற்குத் தீர்வு, தோல்விகளை வகைப்படுத்துவது. ஒரு துண்டு அந்த இடத்தில் மட்டும் பொருந்தவில்லை என்பது ஒரு வகை. மூதாதையரைத் தேடி மரத்தின் வேர்வரை சென்றும் கிடைக்கவில்லை என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகை நேர்ந்தால், இன்னும் மேலே உள்ள ஒரு பெட்டியிலிருந்து மீண்டும் முயன்றாலும் பயனில்லை, ஏனெனில் அதன் மூதாதையர் ஏற்கெனவே தேடிப் பார்த்தவர்களுக்குள்ளேயே அடங்குவர். அங்கேயே முழுத் தோல்வியை அறிவித்துவிடலாம். உலாவிகளின் எஞ்சின்களும் இவ்வாறே தோல்வியை வகை பிரித்துத்தான் திருப்பித் தருகின்றன.

வேகத்துக்கு வேறு என்ன செய்யலாம்?

விதிகளை அவற்றின் வலக்கோடித் துண்டிலுள்ள ஐடி, கிளாஸ், டேக் வாரியாகப் பிரித்து அட்டவணைகளில் வைத்துக்கொண்டால், ஓர் எலிமென்ட்டுக்குச் சோதிக்க வேண்டிய விதிகள் ஆயிரத்திலிருந்து கைவிரல் எண்ணிக்கைக்குச் சுருங்கும். உலாவிகள் இதற்கு மேலும் சென்று, மூதாதையரின் பெயர்களை ஒரு புளூம் வடிகட்டியில் (ஒரு பெயர் நிச்சயமாக இல்லை என்பதை விரைவாகச் சொல்லும் தரவமைப்பு) சேர்த்து வைத்து, ஏறிப் பார்க்கத் தேவையே இல்லாதவற்றை முன்கூட்டியே கழித்துவிடுகின்றன. சர்வர் ஃப்ரேம்வொர்க்குக்கு அட்டவணையும், பார்ஸ் செய்த செலக்டர்களை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு தற்காலிகச் சேமிப்பும் போதும். அளந்து பார்க்காமல் வடிகட்டியெல்லாம் எழுத வேண்டாம்.

ஸ்பெசிஃபிசிட்டி கணக்கை எப்படி வைத்துக்கொள்வது?

எந்த விதி முந்தும் என்பதைத் தீர்மானிக்கும் இந்த அளவை மூன்று எண்களாகவே வைத்துக்கொள்ளுங்கள்: ஐடிகளின் எண்ணிக்கை; கிளாஸ், ஆட்ரிபியூட், போலி கிளாஸ் (‘:ஹோவர்’ போன்றவை) ஆகியவற்றின் எண்ணிக்கை; டேக் மற்றும் போலி எலிமென்ட்களின் (‘::பிஃபோர்’ போன்றவை) எண்ணிக்கை. இடப்பக்கத்திலிருந்து ஒப்பிட வேண்டும். நூறு, பத்து, ஒன்று என்று பெருக்கிக் கூட்டும் குறுக்குவழி பயிற்சிப் பாடங்களில் உலவுகிறது, அது தவறு. பதினொரு கிளாஸ்கள் சேர்ந்தாலும் ஓர் ஐடியை வெல்ல முடியாது. உலாவிகளே இதில் சறுக்கியது உண்டு: ஒவ்வோர் எண்ணையும் எட்டு பிட்டுகளில் அடைத்த சில எஞ்சின்களில், 256 கிளாஸ்களை அடுக்கினால் எண் நிரம்பி வழிந்து ஐடியின் இடத்துக்கு ஏறிவிட்டது.

‘:இஸ்’, ‘:நாட்’, ‘:ஹேஸ்’ மூன்றும் தாமாக எதையும் சேர்ப்பதில்லை; தம் அடைப்புக்குள் உள்ளவற்றில் மிக உயர்ந்த அளவை எடுத்துக்கொள்கின்றன. ‘:வேர்’ எப்போதும் சுழியம். ஃப்ரேம்வொர்க் எழுதுபவருக்குச் சிஎஸ்எஸ் தந்த மிகப் பெரிய உதவி இந்த ‘:வேர்’தான் என்பது என் கருத்து. ஃப்ரேம்வொர்க் தானாகச் சேர்க்கும் விதிகளை அதற்குள் வைத்துவிட்டால், பயனர் எழுதும் எந்தச் சாதாரண விதியும் அவற்றை வென்றுவிடும். யாரும் ‘இம்பார்ட்டன்ட்’ போட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

காம்பொனென்ட்டுக்குள் ஸ்டைலை அடக்க, செலக்டரை எப்படி மாற்றி எழுதுவது?

வழக்கமான முறை, காம்பொனென்ட்டின் ஒவ்வோர் எலிமென்ட்டுக்கும் ஓர் அடையாள ஆட்ரிபியூட்டைக் கொடுத்து, செலக்டரிலும் அதைச் சேர்ப்பது. எங்கே சேர்ப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ‘.பட்டியல் .வரி’ என்பதை வியூ (Vue) ஃப்ரேம்வொர்க், ‘.பட்டியல் .வரி[குறி-7]’ என்ற பாங்கில் கடைசித் துண்டில் மட்டும் சேர்த்து எழுதும், ஆங்குலர், ‘.பட்டியல்[குறி-7] .வரி[குறி-7]’ என்ற பாங்கில் ஒவ்வொரு துண்டிலும் சேர்க்கும். முதலாவதில் ஸ்பெசிஃபிசிட்டி (0,3,0) ஆகிறது, இரண்டாவதில் (0,4,0). பயனர் எழுதியது (0,2,0) மட்டுமே. அவர் எழுதாத எடையை நாம் சேர்த்துவிடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. துண்டுகளின் எண்ணிக்கைக்கேற்ப அந்த எடை மாறுவது இன்னும் மோசம். ‘.பட்டியல் .வரி:வேர்([குறி-7])’ என்று எழுதினால் எடை அப்படியே நிற்கும். என் இரண்டாம் முயற்சியில் இதையே தேர்ந்தேன்.

சேர்க்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ‘.வரி::பிஃபோர்’ என்பதன் கடைசியில் ஒட்ட வைத்தால் ‘.வரி::பிஃபோர்[குறி-7]’ என்றாகிவிடும், போலி எலிமென்ட்டுக்குப் பின் ஆட்ரிபியூட் வரக் கூடாது என்பதால் விதி முழுவதையும் உலாவி புறக்கணிக்கும். குறி எப்போதும் போலி எலிமென்ட்டுக்கு முன்னே செல்ல வேண்டும். எழுத்துச் சரத்தின் முனையில் ஒட்டாமல் பார்ஸ் செய்த வடிவத்தில் மாற்றினால் இந்தத் தவறு நேர வாய்ப்பே இல்லை.

தாய்க் காம்பொனென்ட் தன் குழந்தைக் காம்பொனென்ட்டின் உள்ளே எட்டிப் பார்க்கலாமா என்ற கேள்வி அடுத்து வரும். காம்பொனென்ட்டின் மரத்தை உலாவியே தனியே பிரித்து வைக்கும் ஷேடோ டாமில் எல்லையை ஊடுருவும் இணைப்புக்குறி ஒன்று முன்பு இருந்தது. எல்லை என்ற கருத்தையே அது பொருளற்றதாக்கியதால் உலாவிகள் அதை நீக்கிவிட்டன. ஃப்ரேம்வொர்க்குகளில் ‘:டீப்’ போன்ற வடிவங்கள் இன்னும் உள்ளன. ஒரு வழியைத் திறந்து வைப்பதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் அது எழுதும்போதே கண்ணை உறுத்தும்படி இருக்க வேண்டும். உலாவியிலேயே வந்துள்ள ‘@ஸ்கோப்’ இந்தச் சிக்கலின் பெரும்பகுதியைத் தீர்க்கிறது: எந்த எலிமென்ட்டில் தொடங்கி எந்த எலிமென்ட்டோடு நிற்க வேண்டும் என்று இரண்டு எல்லைகளையும் அதில் சொல்லலாம். 2023 அக்டோபரில் குரோம் 118-இல் வந்தது. பழைய உலாவிகளை ஆதரிக்கும் கடமை உள்ளவரை மாற்றி எழுதும் முறையும் உடன் இருக்கத்தான் வேண்டும்.

ஓர் எலிமென்ட்டுக்குள் மட்டும் தேடும்போது எதிர்பாராத விடை வருகிறது. பிழையா?

உலாவியின் நடத்தையே அதுதான். ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு அதற்குள் ‘.சட்டம் .குறிப்பு’ என்று தேடினால், குறிப்பு மட்டும் பெட்டிக்குள் இருந்தால் போதும்; சட்டம் பெட்டிக்கு வெளியே இருந்தாலும் பொருந்தும். செலக்டர் முழு மரத்தின் மீதும் சோதிக்கப்படுகிறது, விடைகள் மட்டுமே பெட்டிக்குள் வடிகட்டப்படுகின்றன. ஜேக்வெரியின் ‘ஃபைண்ட்’ இதற்கு மாறாக, செலக்டர் முழுவதையும் பெட்டிக்குள்ளேயே சோதிக்கும். உங்கள் ஃப்ரேம்வொர்க் எதைப் பின்பற்றுகிறது என்பதை ஆவணத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். உலாவியின் வழியைப் பின்பற்றினால் ‘:ஸ்கோப்’பையும் ஆதரியுங்கள், ‘:ஸ்கோப் >.குறிப்பு’ என்று எழுத முடியாவிட்டால், நேரடிக் குழந்தைகளை மட்டும் கேட்க வழியே இல்லாமல் போகும்.

பட்டியலில் ஒரு செலக்டர் மட்டும் தவறு என்றால்?

ஸ்டைல் ஷீட்டில் ‘.அ, .ஆ, :தெரியாதது’ என்று எழுதினால் உலாவி விதி முழுவதையும் கைவிடும். தேடலில் அதையே கொடுத்தால் பிழையை எறியும். ‘:இஸ்’, ‘:வேர்’ இரண்டுக்குள்ளும் மட்டும் தவறானதைத் தள்ளிவிட்டு மற்றவற்றை ஏற்கும் தாராளம் உண்டு. ‘:ஹேஸ்’ஸுக்கும் அந்தத் தாராளம் முதலில் தரப்பட்டிருந்தது. ஜேக்வெரியோ, உலாவி பிழை எறிந்தால்தான் தன் சொந்த எஞ்சினுக்கு மாறும். தாராளமான ‘:ஹேஸ்’ பிழையே எறியாததால், ஜேக்வெரியின் சொந்த நீட்டிப்புகளை அதற்குள் எழுதியிருந்த பழைய பக்கங்கள் வெறும் விடைகளைப் பெறத் தொடங்கின. அதனால் அந்தச் சலுகை திரும்பப் பெறப்பட்டது. பிழை எறிவதும் ஓர் இடைமுகந்தான், அதை நம்பியும் நிரல்கள் எழுதப்பட்டிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சர்வரில் ‘:ஹோவர்’ வந்தால் என்ன செய்வது?

எல்லையிடும் வேலையில் அதைத் தொடாமல் அப்படியே கடத்திவிடுங்கள். பொருள் கொள்ள வேண்டியது உலாவி. தேடும் வேலையில் மறுத்துவிடுங்கள். சர்வரில் சுட்டி எதன் மேலும் இல்லை என்று காரணம் காட்டி வெறும் விடையைத் தருவது நேர்மையாகத் தோன்றினாலும், எழுதியவருக்கு உதவாது. ஸ்டைல்களை மின்னஞ்சலுக்குள் இறக்கும்போது இத்தகைய விதிகளைத் தனியே பிரித்து, ஸ்டைல் டேக்கிலேயே விட்டுவைக்க வேண்டும்.

ஒரே செலக்டர் சர்வரில் ஒரு விடையும் உலாவியில் வேறு விடையும் தருகிறது. ஏன்?

மரம் வேறு. ‘டேபிள் > டிஆர்’ என்று எழுதிப் பாருங்கள். டெம்ப்ளேட்டில் அட்டவணைக்குள் வரிசைகளை நேரடியாக எழுதியிருந்தால், சர்வர் மரத்தில் அது பொருந்தும். அதே ஹெச்டிஎம்எல்-ஐ உலாவி படிக்கும்போது, இரண்டுக்கும் இடையே ‘டிபாடி’ எலிமென்ட்டைத் தானாகச் சேர்த்துவிடும். அங்கே அதே செலக்டர் பொருந்தாது. சோதனை பச்சை, திரையில் பிழை. சர்வர் மரத்தையும் ஹெச்டிஎம்எல் வரையறையைப் பின்பற்றும் பார்சர் வழியாகவே கட்டுவது சரியான தீர்வு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டிலும் இதே கவனம் தேவை: ஹெச்டிஎம்எல் ஆவணத்தில் டேக் பெயர்களுக்கு அது பொருட்டில்லை, கிளாஸுக்கும் ஐடிக்கும் பொருட்டு உண்டு, டாக்டைப் இல்லாத பழைய பாணிப் பக்கங்களைத் தவிர.

கிளாஸ் பெயரைத் தமிழில் வைத்தால் சில வேளைகளில் பொருந்தாமல் போகிறதே?

யூனிகோடில் ‘தொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘த’வுடன் ‘ொ’ என்ற ஒற்றைக் குறியீடு, அல்லது ‘த’வுடன் ‘ெ’, ‘ா’ என இரண்டு குறியீடுகள். திரையில் துளியும் வேறுபாடு தெரியாது. யூனிகோட் இரண்டையும் நிகரானவை என்கிறது; ஆனால் செலக்டர் பொருத்தம் குறியீடு குறியீடாகவே ஒப்பிடுகிறது, எந்தச் சீராக்கமும் செய்வதில்லை. ஆகவே ஒரு வகையில் எழுதிய ‘.தொகுப்பு’ மற்ற வகையில் எழுதிய ‘தொகுப்பு’ கிளாஸைக் கண்டுகொள்ளாது.

நான் இதில் சிக்கியது கோப்புப் பெயர் வழியாக. காம்பொனென்ட் கோப்பின் பெயரிலிருந்தே கிளாஸ் பெயரை உருவாக்கும் வசதியைச் சேர்த்திருந்தேன். பழைய மேக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு, பெயர்களைப் பிரித்த வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்கும். ஸ்டைல் ஷீட்டுக்குள் நான் தட்டச்சு செய்ததோ ஒற்றைக் குறியீடு. என் இன்னொரு கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. பழைய மேக்கில் ஒரே ஒரு காம்பொனென்ட் மட்டும் ஸ்டைல் இல்லாமல் நின்றது. இரண்டு பெயர்களின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்த்தபோது ஒன்று எட்டு, மற்றது ஒன்பது. அப்போதுதான் புரிந்தது.

பொருத்தும் நேரத்தில் சீராக்குவது தீர்வாகாது. உலாவி அதைச் செய்யாததால் சர்வரும் உலாவியும் மீண்டும் முரண்படும். பில்ட் நேரத்தில், ஃப்ரேம்வொர்க் தானாக உருவாக்கும் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். பயனர் எழுதியவற்றில் பிரித்த வடிவம் தென்பட்டால் எச்சரியுங்கள்.

வெளியார் தரும் செலக்டர்களை ஏற்கலாமா?

தேடலுக்கு என்றால், நீளத்துக்கும் அடைப்புகளின் ஆழத்துக்கும் வரம்பு வைத்து ஏற்கலாம். ஸ்டைல் விதிகளாக ஏற்கக் கூடாது. ‘[மதிப்பு^="அ"]’ என்ற விதியுடன் ஒரு பின்னணிப் படத்தின் முகவரியை இணைத்தால், மறைவான உள்ளீட்டின் மதிப்பு ‘அ’வில் தொடங்குகிறதா என்ற செய்தி அந்த முகவரிக்குப் போய்ச் சேர வழி உண்டு; ஒவ்வோர் எழுத்தாக இப்படிக் கேட்டே முழு மதிப்பையும் கறந்துவிடலாம்.

எஞ்சின் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

உலாவித் தயாரிப்பாளர்கள் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் தொகுப்பில், செலக்டர்களுக்கென்றே தனிப் பகுதி உள்ளது. அதிலிருந்து நீங்கள் ஆதரிப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சிறிய மரங்களையும் செலக்டர்களையும் தற்போக்காக உருவாக்கி, தலையற்ற (திரையில் சாளரம் காட்டாமல் ஓடும்) உலாவி ஒன்றிலும் உங்கள் எஞ்சினிலும் ஓட்டி விடைகளை ஒப்பிடுங்கள். மரத்தில் மூன்றே கிளாஸ் பெயர்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது நல்லது. பெயர்கள் குறைவாக இருந்தால்தான் பெட்டிக்குள் பெட்டி போன்ற அமைப்புகள் அடிக்கடி உருவாகி, பின்வாங்கும் பகுதி உண்மையில் சோதிக்கப்படும். ‘[அ^=""]’ போன்ற வெறுமைகளையும் கலந்து விடுங்கள்: வரையறைப்படி அது எதற்கும் பொருந்தக் கூடாது, ஆனால் பெரும்பாலான நிரல்மொழிகளில் ‘இதில் தொடங்குகிறதா’ என்ற செயல்கூறு வெற்றுச் சரத்துக்கு ‘ஆம்’ என்றே சொல்லும்.